டர்போ காருக்குக் கோல்டு ஏர் இன்டேக் தேவையா: 200 குதிரைத்திறன் இன்ஜினை வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

டர்போ காரில் முதலில் எதை மாற்றலாம் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் கை நீட்டுவது கோல்டு ஏர் இன்டேக் பக்கம்தான், அதாவது வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இன்ஜினுக்கு இழுத்துத் தருவதாகச் சொல்லி விற்கும் ஃபில்டர், குழாய் கிட். விலையும் வேலையும் குறைவு, பானெட்டைத் திறந்தால் கண்ணுக்கும் தெரியும், ஓட்டினால் காதுக்கும் கேட்கும். இன்ஜினுக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் யாரும் அளப்பதில்லை. இந்த ஆய்வில் ஒரே ஓர் இன்ஜினை எடுத்துக்கொண்டு, காற்று ஃபில்டரில் நுழைவதில் தொடங்கி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மெனிஃபோல்ட் சேரும் வரை எண்களாகப் பின்தொடர்கிறோம்.

எடுத்துக்கொண்ட இன்ஜின் 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ பெட்ரோல். 150 கிலோவாட், அதாவது சுமார் 200 குதிரைத்திறன். ஏர் பாக்ஸுக்கு (ஃபில்டர் இருக்கும் பெட்டி) பின்னால் ஹாட்வயர் வகை மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (சூடான கம்பியால் காற்றளவை அளப்பது), முன்புறம் காற்றுபடும்படி இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்ட் வாயுவின் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு). இந்த வகுப்பில் பரவலாக இருக்கும் அமைப்பு இது. டர்போவில் எக்ஸாஸ்ட் வாயு டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கம்ப்ரசரைச் சுழற்றி உள்ளே போகும் காற்றை அழுத்தும், அந்த அழுத்தம்தான் பூஸ்ட். கீழே வரும் எண்கள் இந்த அமைப்புக்குப் போட்ட கணக்கு. வெளிக்காற்று 35 டிகிரி, மெனிஃபோல்டில் முழு பூஸ்ட் 200 கிலோபாஸ்கல் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து), கம்ப்ரசர் திறன் 70 சதவீதம், இன்டர்கூலர் திறன் 75 சதவீதம், கம்ப்ரசருக்கும் மெனிஃபோல்டுக்கும் இடையில் 10 கிலோபாஸ்கல் இழப்பு என்று வைத்திருக்கிறோம். உங்கள் காரின் எண்கள் வேறாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

காற்று எவ்வளவு, தடை எவ்வளவு

150 கிலோவாட் எடுக்க ஒரு கிலோவாட்-மணிக்கு சுமார் 300 கிராம் பெட்ரோல் செலவாகிறது என்று கொண்டால், வினாடிக்கு 12.5 கிராம் பெட்ரோல். முழு பூஸ்டில் கலவை 12.5-க்கு 1. ஆக வினாடிக்கு 156 கிராம் காற்று வேண்டும். 35 டிகிரியில் இது வினாடிக்கு 136 லிட்டர். 70 மி.மீ. உள்விட்டக் குழாயில் இந்தக் காற்று வினாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் ஓடும். குழாயை 76 மி.மீ. ஆக்கினால் வேகம் 30 மீட்டராகக் குறையும்.

விளம்பரங்கள் பெரிதாகப் பேசும் 'அகலமான குழாய்' தரும் ஆதாயத்தை இங்கேயே எடைபோட்டுவிடலாம். 35 மீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் 0.72 கிலோபாஸ்கல், 30 மீட்டரில் 0.52. ஒரு மோசமான வளைவில் இந்த இயக்க அழுத்தம் முழுவதும் வீணாவதாகவே வைத்துக்கொண்டாலும், குழாய் மாற்றம் மிச்சப்படுத்துவது 0.2 கிலோபாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

ஏர் பாக்ஸ், ஃபில்டர், குழாய் எல்லாம் சேர்ந்து முழு ஓட்டத்தில் 3 கிலோபாஸ்கல் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். புதிய இன்டேக் அதைப் பாதியாக்கி 1.5-க்குக் கொண்டுவருகிறது என்றும் தாராளமாகவே வைப்போம். பழைய அமைப்பில் கம்ப்ரசர் வாயில் 98.3 கிலோபாஸ்கல் இருக்கும். அது 210-க்கு அழுத்த வேண்டும், அழுத்த விகிதம் 2.14. புதிய அமைப்பில் வாயில் 99.8, விகிதம் 2.10. கம்ப்ரசரை விட்டு வெளியேறும் காற்று முன்னதில் 142 டிகிரி, பின்னதில் அதைவிட 2.4 டிகிரி குறைவு. இன்டர்கூலரைத் தாண்டியதும் அந்த 2.4 டிகிரி வெறும் 0.6 டிகிரியாகச் சுருங்கிவிடும்.

மிச்சமான 1.5 கிலோபாஸ்கல் எங்கே போகிறது?

டர்போ இல்லாத இன்ஜினில் ஃபில்டர் வாயில் கிடைக்கும் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் நேராக சிலிண்டருக்குப் போகும். டர்போ இன்ஜினில் நடுவில் ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுநர் மிதிக்கும் மிதிக்கு இவ்வளவு டார்க் (சுழற்றும் விசை), அந்த டார்க்குக்கு இவ்வளவு காற்று, அந்தக் காற்றுக்கு இவ்வளவு பூஸ்ட் என்று அது இலக்கு வைத்து, வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடி அந்த இலக்கைப் பிடிக்கிறது. கம்ப்ரசர் வாயில் தடை குறைந்தால் அதே இலக்கை டர்போ கொஞ்சம் எளிதாக எட்டும். உடனே ஈசியு வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடும். மெனிஃபோல்டில் அதே 200 கிலோபாஸ்கல்தான். ஆதாயம் வேஸ்ட்கேட் டியூட்டி (வேஸ்ட்கேட்டை மூடிவைக்க ஈசியு தரும் கட்டளையின் சதவீதம்) எண்ணில் சில புள்ளிகள் இறங்குவதாகத் தெரியும். சக்கரத்துக்கு வருவது எக்ஸாஸ்ட் எதிரழுத்தம் சற்றுக் குறைவதால் கிடைக்கும் சொற்பம் மட்டுமே.

இது ஒரு நிலையில் மாறும். வேஸ்ட்கேட் முழுக்க மூடிய பிறகும் பூஸ்ட் இலக்கை எட்டவில்லை என்றால், டர்போ தன் எல்லையில் நிற்கிறது. அப்போது வாயில் கிடைக்கும் 1.5 கிலோபாஸ்கல் அழுத்த விகிதத்தால் பெருகி வெளியே 3.2 கிலோபாஸ்கலாக வரும், சக்தி சுமார் 1.5 சதவீதம் கூடும். 200 குதிரைத்திறனில் அது 3. டியூனிங் செய்து பூஸ்டை ஏற்றிய கார்களிலும், உயரமான மலைப்பகுதிகளிலும் இந்த நிலை வரும். 2,000 மீட்டர் உயரத்தில் வளிமண்டலமே 79.5 கிலோபாஸ்கல்தான். அதே 210-ஐ எட்ட அழுத்த விகிதம் 2.7-ஐத் தாண்ட வேண்டும், டர்போவிடம் மிச்சம் வைத்திருந்த தெம்பெல்லாம் அங்கே கரைந்துவிடும்.

மைலேஜ் கூடும் என்ற வாதத்தை நீட்டத் தேவையில்லை. சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் இன்ஜினின் பெரிய தடை பாதி மூடிய த்ராட்டில், அதாவது மிதிக்கு ஏற்பக் காற்றை அளந்து விடும் வால்வு. அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரில் தடை குறைந்தால் த்ராட்டில் இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

வெப்பம்: கணக்கு தலைகீழாகும் இடம்

'கோல்டு ஏர்' என்ற பெயரில் விற்கப்படுவதில் கணிசமானவை பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கோன் ஃபில்டர்கள்தான். பக்கவாட்டில் ஒரு தகடு இருக்கும், மேலே மூடி இருக்காது. டிராஃபிக்கில் நின்று நகரும் காரில், டர்போவும் எக்ஸாஸ்ட்டும் பக்கத்திலேயே இருக்க, அந்தக் கோன் 60 டிகிரி காற்றை இழுப்பது சாதாரணம். கம்பெனி ஏர் பாக்ஸோ பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஹெட்லைட்டுக்குப் பக்கத்திலிருந்தோ வெளிக்காற்றை இழுக்கும்படி ஏற்கெனவே அமைந்திருக்கிறது.

60 டிகிரிக் காற்று கம்ப்ரசருக்குள் போனால் 175 டிகிரியாக வெளிவரும். 35 டிகிரிக் காற்று 142-ஆக வருகிறது. 25 டிகிரி வித்தியாசம் 33 ஆகப் பெருகியிருக்கிறது, ஏனென்றால் அழுத்தும்போது ஏறும் வெப்பம் நுழையும் வெப்பநிலைக்கு விகிதமானது. இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும்: மெனிஃபோல்டில் 62-க்குப் பதில் 70 டிகிரி. பார்க்க 8 டிகிரிதான். ஆனால் அதே பூஸ்டில் காற்றின் அடர்த்தி 2.3 சதவீதம் குறைகிறது. தடை குறைந்ததால், அதுவும் டர்போ எல்லையில் நிற்கும்போது மட்டும், கிடைக்கும் 1.5 சதவீதத்தைவிட இது அதிகம்.

இதோடு முடிவதில்லை. அதே அளவு காற்றை அழுத்த கம்ப்ரசருக்கு 8 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதை டர்பைன்தான் தர வேண்டும். வேஸ்ட்கேட் இறுக மூடும், எக்ஸாஸ்ட் எதிரழுத்தம் ஏறும், சிலிண்டரில் எரிந்த வாயு கூடுதலாகத் தங்கும், கலவை தானாக வெடிப்பதை உணரும் நாக் சென்சார் விழிக்கும், ஈசியு இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும். சிக்னலில் நின்றுவிட்டு முழு மிதி மிதிக்கும்போது கார் மந்தமாகத் தெரிவது இந்தச் சங்கிலியால்தான். இன்டர்கூலரும் அப்போது சூடேறியே இருக்கும் என்பதால் கணக்கில் போட்ட 75 சதவீதத் திறன்கூட அந்த முதல் சில வினாடிகளில் கிடைக்காது.

ஆகவே இந்த நிகழ்வில் மூன்று அமைப்புகளை ஒப்பிட்டால், திறந்த கோன் கடைசி இடம். நாலாபுறமும் மூடி, பானெட்டோடு சீல் பட்டை அழுந்தி, கிரில்லிலிருந்து தனி வழி உள்ள பாக்ஸும், கம்பெனி ஏர் பாக்ஸும் வெப்பத்தில் சமம். அப்படிப்பட்ட பாக்ஸ் கிட்டுக்கும் கம்பெனி பாக்ஸுக்கும் மிஞ்சும் வித்தியாசம் முன்பு சொன்ன அந்த ஒன்றரை கிலோபாஸ்கல்தான்.

பொருத்திய பிறகு செக் இன்ஜின் விளக்கு

இந்த வகைக் காரில் இன்டேக் மாற்றியதும் அதிகம் வரும் புகார் இதுதான்: சில நாட்களில் செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. காரணம் பெரும்பாலும் சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம்.

ஹாட்வயர் சென்சார் தன் கம்பியைத் தொட்டுச் செல்லும் காற்றை மட்டுமே உணர்கிறது. மொத்தக் காற்று எவ்வளவு என்பதைக் குழாயின் குறுக்குப் பரப்பை வைத்து ஈசியு கணக்கிடுகிறது. அந்தப் பரப்பு ஈசியுவில் எழுதி வைத்த அட்டவணைக்குள் புதைந்திருக்கிறது. 70 மி.மீ. இடத்தில் 76 மி.மீ. குழாய் வந்தால் பரப்பு 18 சதவீதம் கூடும், வேகம் குறையும், சென்சார் 15 சதவீதம் குறைத்துச் சொல்லும். உள்ளே போவது 156 கிராம், ஈசியு நம்புவது 132. மெதுவான ஓட்டத்தில் எக்ஸாஸ்ட்டில் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் பார்த்துத் திருத்தும், லாங் டேர்ம் ஃப்யூவல் ட்ரிம் (பெட்ரோலை ஈசியு கூட்டிக் குறைக்கும் சதவீதம்) கூட்டல் 18 வரை ஏறும். பல கார்களில் 20, 25-ஐ ஒட்டி விளக்கு எரியும். கொஞ்சம் காற்றுக் கசிவோ சென்சாரில் அழுக்கோ சேர்ந்தால் அந்த எல்லை தாண்டிவிடும்.

விளக்கைவிட ஆபத்தானது முழு பூஸ்டில் நடப்பது. லாம்டா திருத்தம் இல்லாத நிலையில் 12.5-க்கு 1 என்று நினைத்து ஈசியு தெளிக்கும் பெட்ரோல், உண்மையில் 14.7-க்கு 1 ஆகிறது. குளிர்விக்கக் கூடுதலாகத் தந்த பெட்ரோல் முழுவதும் காணாமல் போய்விட்டது. அத்தோடு, இன்ஜின் மீது சுமை 15 சதவீதம் குறைவு என்று நம்புவதால் இக்னிஷன் அட்டவணையில் குறைந்த சுமைக்கான வரிசையைப் படித்து ஸ்பார்க்கை முன்னே தள்ளும். காற்றளவை இலக்காக வைத்து பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கார்களில், 'காற்று போதவில்லை' என்று பூஸ்டையும் ஏற்றிவிடும். பெட்ரோல் குறைவு, ஸ்பார்க் முன்னே, பூஸ்ட் அதிகம். இன்டேக் போட்டதும் கார் பறக்கிறது என்று சிலர் சொல்வது பொய்யில்லை. அந்த இழுவை வருவது ஏமாந்த சென்சாரிலிருந்து. பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைவதும் இதே வழியில்தான்.

கோளாறைப் பிரித்தறிய ஃப்யூவல் ட்ரிம்மை ஐட்லிலும், 2,500 ஆர்பிஎம்மிலும், நிதானமான நெடுஞ்சாலை ஓட்டத்திலும் பாருங்கள். மூன்றிலும் ஏறத்தாழ ஒரே சதவீதம் என்றால் குழாய் விட்டமோ, சென்சாருக்கும் டர்போவுக்கும் இடையிலான கசிவோ காரணம். கசிவு வழியாக உள்ளே வரும் காற்றும் ஓட்டத்தோடு சேர்ந்தே வளர்வதால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகை விட்டுக் கசிவைக் காண்பது) செய்தால் பிரிந்துவிடும். ஐட்லில் மட்டும் அதிகம், வேகம் ஏற ஏறக் குறைகிறது என்றால் த்ராட்டிலுக்குப் பின்னால் மெனிஃபோல்டில் கசிவு. எண் நிலையாக நிற்காமல் குதித்துக்கொண்டே இருந்தால், வளைவு முடிந்த உடனே சென்சார் பொருத்தப்பட்டிருக்கிறது, காற்று சுழன்று அடிக்கிறது. சென்சாருக்கு முன் நேர்க் குழாயும், கம்பெனி குழாயில் இருந்த தேன்கூட்டு வலையும் இருக்க வேண்டும். பாதுகாப்பான வழி, கம்பெனி சென்சார் குழாயையே அப்படியே பயன்படுத்தும் கிட்டை வாங்குவது. இல்லையென்றால் சென்சார் அட்டவணையை அந்தக் குழாய்க்கு ஏற்ப ஈசியுவில் திருத்தியே ஆக வேண்டும். மெனிஃபோல்ட் அழுத்த சென்சாரை மட்டும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டீசலில் இதே பிழை வேறு முகம் காட்டும். காற்று குறைவு என்று நம்பும் ஈசியு, புகை வராமல் இருக்க டீசலைக் குறைத்துவிடும், எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே விடும் இஜிஆர் வால்வையும் இறுக்கிவிடும். பெரிய குழாய் போட்டு சக்தி குறைந்தது என்ற புகாருக்குப் பின்னால் இதைத் தேடுங்கள்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டிருந்தால் ஹாட்வயரையும் சந்தேகிக்க வேண்டும். கழுவியபின் முழுக்கக் காயாமலோ, எண்ணெயை அள்ளி ஊற்றியோ பொருத்தினால், எண்ணெய்த் துளி கம்பியில் ஒட்டி அதன் மேல் தூசி படியும். காற்றில் தானே காய விடுங்கள், ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லிய ஒரு கோடு மட்டும் எண்ணெய் விடுங்கள், அரை மணி நேரம் பரவ விட்டு, வெளிறிய இடம் தெரிந்தால் மட்டும் தொடுங்கள். சென்சாரைச் சுத்தம் செய்ய அதற்கென்றே உள்ள ஸ்ப்ரே மட்டும். கார்புரேட்டர் கிளீனரும் துணியும் அந்தக் கம்பியைக் கெடுத்துவிடும்.

குழாயில் உள்ள மற்ற வாய்கள்

டர்போவுக்கு முந்தைய குழாயில் சென்சார் மட்டும் இல்லை. கிராங்க்கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) வாயு வந்து சேரும் வாய், மிதியை விட்டதும் மிஞ்சும் பூஸ்ட் காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் திரும்பு வாய், சில கார்களில் பெட்ரோல் ஆவி வரும் வாயும் அதில் இருக்கும். மலிவுக் கிட்களில் இவை சிறுத்தோ, இடம் மாறியோ இருக்கும். கிராங்க்கேஸ் வாயை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, டர்போவின் எண்ணெய் கீழே வடிய முடியாமல் சீல் வழியாகக் கம்ப்ரசருக்குள் கசியும், சைலன்சரில் நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டும் முன் இதைப் பாருங்கள். டைவர்ட்டர் வால்வை வெளியே திறந்துவிட்டால், சென்சார் ஏற்கெனவே எண்ணிக்கொண்ட காற்று வெளியேறுகிறது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் கலவையில் பெட்ரோல் கூடித் தடுமாறும்.

தூசி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். கம்ப்ரசர் சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்கிறது. அலுமினியத்தில் செய்த அதன் முன் விளிம்பை நுண்மணல் தேய்த்துவிடும். ஃபில்டர் சோதனைக்கான தரநிலை ஐஎஸ்ஓ 5011. தடை, தூசி பிடிக்கும் திறன், கொள்ளளவு மூன்றையும் அதில்தான் அளக்கிறார்கள். 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டருக்கும் 97 பிடிக்கும் ஃபில்டருக்கும் வித்தியாசம் வெறும் 2 என்று தோன்றும், ஆனால் உள்ளே போகும் தூசி மூன்று மடங்கு. இந்த எண்ணை வெளியிடாமல் காற்றோட்டத்தை மட்டும் விளம்பரம் செய்யும் ஃபில்டரை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பம்பருக்குக் கீழே இறங்கும் நீளக் குழாய்க் கிட்கள் குளிர்ந்த காற்றை இழுக்கும் என்பது உண்மை, தேங்கிய தண்ணீரையும் இழுக்கும். தண்ணீர் சிலிண்டர் வரை போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

வாங்கும் முன் அளப்பது

தேவை மூன்று எண்கள்: கம்ப்ரசர் வாயின் அழுத்த இழப்பு, மெனிஃபோல்ட் காற்றின் வெப்பம், வேஸ்ட்கேட் டியூட்டி.

அழுத்தத்துக்கு 0 முதல் 10 கிலோபாஸ்கல் வரை காட்டும் டிஜிட்டல் டிஃபரன்ஷியல் கேஜ் போதும். டர்போவுக்கு முந்தைய குழாயின் நேரான பகுதியில் 4 மி.மீ. துளை போட்டு நிப்பிள் வையுங்கள். குழாயைக் காரிலிருந்து கழற்றி எடுத்த பிறகுதான் துளை போட வேண்டும். பிளாஸ்டிக் சீவல் ஒன்று உள்ளே போனாலும் நேராகக் கம்ப்ரசரில்தான் அடிக்கும். உட்புறத் துளை விளிம்பில் பிசிறு இருந்தால் எண் பொய்யாகும், வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். கேஜ் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாயும் வேலை செய்யும்: 10.2 செ.மீ. மட்ட வித்தியாசம் என்றால் 1 கிலோபாஸ்கல். தண்ணீர் இன்ஜினுக்குள் இழுபடாமல் இருக்க நடுவில் ஒரு காலி பாட்டிலை வைப்பது கட்டாயம். இரண்டாவது நிப்பிளை ஏர் பாக்ஸில் ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் வைத்தால், இழப்பு ஃபில்டரிலா, குழாயிலா என்பதும் தெரிந்துவிடும். டர்போவுடன் சேரும் முழங்கை வளைவே குறுகலாக இருந்து, எந்த ஃபில்டர் போட்டாலும் எண் அசையாத கார்கள் உண்டு.

மற்றவற்றை ஓபிடி ஸ்கேனரில் (ஈசியுவில் உள்ள எண்களைப் படிக்கும் கருவி) லாக் செய்யுங்கள். மெனிஃபோல்ட் அழுத்தம், வெளிவெப்பம், காற்றளவு, இக்னிஷன் டிகிரி எல்லாம் பொதுப் பட்டியலிலேயே பல கார்களில் கிடைக்கும். வேஸ்ட்கேட் டியூட்டிக்குப் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்கான மென்பொருள் வேண்டும். இன்டேக் வெப்ப சென்சார் எங்கே இருக்கிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்குள் இருப்பது ஃபில்டர் காற்றின் வெப்பம், இன்டர்கூலருக்குப் பின்னால் இருப்பது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வெப்பம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் முடிவு முழுக்கத் தவறாகும். மூடிய தடத்தில், மூன்றாம் கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து மேல் எல்லை வரை ஒரே மிதி. பத்து நிமிடம் ஐட்லில் நிறுத்திவிட்டு அதையே மறுபடி. இந்த இரண்டாவது ஓட்டம்தான் திறந்த கோனைக் காட்டிக்கொடுக்கும்.

டைனோவில், அதாவது இன்ஜின் சக்தியை அளக்கும் கருவியில், பார்ப்பவர்கள் பானெட்டை மூடிச் சோதிக்கச் சொல்லுங்கள். பானெட்டைத் திறந்து முன்னால் ஃபேன் வைத்தால் திறந்த கோனுக்கு சாலையில் ஒருபோதும் கிடைக்காத காற்று கிடைக்கிறது. பழையது, புதியது, மறுபடி பழையது என்ற வரிசையில் ஓட்டுங்கள். ஒரே காரை அடுத்தடுத்து ஓட்டினாலே 1, 2 சதவீதம் ஏறி இறங்கும்போது, 3 குதிரைத்திறன் ஆதாயத்தை ஒரே ஓட்டத்தில் நிரூபிக்க முடியாது. டைனோ எண்களுக்கான எஸ்ஏஇ ஜே1349 திருத்தம் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் நிலைக்கு எண்ணை மாற்றித் தருகிறது. பூஸ்டை ஈசியு பிடித்து வைத்திருக்கும் இன்ஜினில், வளிமண்டலம் குறைந்ததற்காக இந்தத் திருத்தம் சேர்க்கும் சக்தி உண்மையில் இழக்கப்படாத சக்தியாக இருக்கலாம். திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காருக்கு எங்கள் முடிவு

கம்பெனி டியூனில், 200 குதிரைத்திறனில் இருக்கும் வரை கம்பெனி ஏர் பாக்ஸ், நேரத்துக்கு மாற்றிய காகித ஃபில்டர், வேறெதுவும் வேண்டாம். பானெட்டைத் திறந்ததும் சீல் பட்டைகளும், கிரில்லிலிருந்து வரும் காற்றுக் குழாயும் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வீஸில் கழற்றிய அந்தக் குழாயை மாட்டாமல் விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. கம்பெனி பாக்ஸும் அப்போது பானெட்டுக்குள் இருக்கும் வெந்த காற்றைத்தான் இழுக்கும்.

300 குதிரைத்திறனுக்கு டியூன் செய்யப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. காற்று ஒன்றரை மடங்கு. குழாயிலும் வளைவிலும் இழப்பு ஓட்டத்தின் வர்க்கமாக ஏறும், ஃபில்டர் தாளில் கிட்டத்தட்ட நேர்விகிதமாக. முழுவதும் வர்க்கமாகவே ஏறினால் 3 கிலோபாஸ்கல் 6.75 ஆகும். கனரக டீசல் இன்ஜின்களில் ஃபில்டரை மாற்றச் சொல்லும் எல்லையாகப் பரவலாக வைப்பதே 25 அங்குல நீர்மட்டம், அதாவது 6.2 கிலோபாஸ்கல். அந்த நிலையில் மூடிய பாக்ஸ் உள்ள இன்டேக்கும், அகலமான டர்போ முழங்கையும் டியூனோடு சேர்த்தே போட வேண்டிய பாகங்கள். சென்சார் அட்டவணைத் திருத்தத்தை டியூனரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். குழாய் வலுவூட்டிய சிலிக்கானாக இருக்கட்டும், மெல்லிய ரப்பர் சூடானதும் உறிஞ்சலில் தட்டையாகும். இன்ஜின் மிதிக்கு மிதி அசையும் என்பதால் பாடியிலிருந்து 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். முதல் முழு பூஸ்ட் ஓட்டம் லாம்டா லாக் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும். ட்ரிம் கூட்டல் 10-ஐத் தாண்டினால் மிதியை விட்டுவிட்டு, ஸ்மோக் டெஸ்டிலிருந்து தொடங்குங்கள்.